வேலை இல்லாதது ஒரு மாசம், சம்பளம் வராதது மூணு மாசம்!



சிம்மக்கல்லில் இருந்து வடக்கு வெளி வீதிப் பக்கம் திரும்பி நடந்தால் சேதுபதி மேல்நிலைப் பள்ளி வரும். பாரதியார் வேலை பார்த்த பள்ளிக்கூடம் என்று மதுரைக்காரங்க பெருமையாகக் காட்டுவாங்க. சரி, அவர் அங்கே எத்தனை வருஷம் வேலை பார்த்தார் என்று கேட்டுப் பாருங்க. பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. வருஷக்கணக்கே இல்லை. 1904 ஆகஸ்டில் சேர்ந்தார், நவம்பரில் கிளம்பிவிட்டார். மூணு மாசமும் சில நாளும்தான். விடுப்பில் போன தமிழாசிரியர் இடத்தில் போட்ட தற்காலிக வேலை அது. இன்றைக்கு நாம் காண்ட்ராக்ட் ஜாப் என்கிறோமே, அதேதான். சம்பளம் மாதம் பதினேழரை ரூபாய்.

அப்போது அவருக்கு 21 வயது. கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகியிருந்தது. அப்பா எட்டயபுரத்தில் ஆரம்பித்த பருத்தி ஆலை நட்டத்தில் முடிந்து, அந்தக் கவலையோடே 1898-ல் அவர் இறந்தும் போயிருந்தார். அதன் பிறகு காசியில் படிப்பு, திரும்பி வந்து எட்டயபுரம் ஜமீனில் வேலை, அதையும் விட்டுவிட்டு மதுரை. இங்கிருந்து சென்னை சுதேசமித்திரன் பத்திரிகைக்குப் போனார். பாடப்புத்தகத்தில் இதை ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஆனால் ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவில் வீட்டில் உலை எப்படிக் கொதித்தது என்பது எந்தப் புத்தகத்திலும் பெரிதாக வராது.

இந்தப் பதிவு அந்த நடு இடைவெளியைப் பற்றித்தான். உங்கள் வயசில் இருக்கும் பலருக்கும் 30 வயதுக்குள் இரண்டு மூன்று தடவை இது வரும். புராஜெக்ட் முடிஞ்சுடுச்சுன்னு அனுப்புவாங்க, கம்பெனியே மூடும், இல்லேன்னா நீங்களே மேனேஜரோட மல்லுக்கட்ட முடியாமல் பேப்பர் போட்டுடுவீங்க. காரணம் எதுவாக இருந்தாலும் பணக்கணக்கு ஒன்றுதான். அந்தக் கணக்கைப் பலரும் தப்பாகப் போடுகிறார்கள்.

92 நாள் கணக்கு

"எனக்கு இருக்கிற எக்ஸ்பீரியன்ஸுக்கு ஒரே மாசத்துல வேலை கிடைச்சுடும் சார், கையில ஒரு மாசச் சம்பளம் இருந்தா போதும்" என்று சொல்கிறவங்க நிறைய. நம்பிக்கை நல்லதுதான். வேலை ஒரே மாசத்தில் கிடைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். காலண்டரை எடுங்க.

உங்கள் கடைசி வேலை நாள் ஜூலை 31. கம்பெனி மாசக் கடைசியில் சம்பளம் போடும். ஜூன் சம்பளம் ஜூன் 30 அன்று வந்தது. ஜூலை சம்பளத்தைப் பல கம்பெனிகள் நிறுத்தி வைத்துவிடும். லேப்டாப் ஒப்படைக்கணும், நோ டியூ வாங்கணும், எல்லாம் முடிந்து ஃபைனல் செட்டில்மெண்ட்டில் சேர்த்துத் தருவோம், 45 நாள் ஆகும் என்பார்கள். ஆகஸ்ட் முழுக்க வேலை தேடுகிறீர்கள். சொன்ன மாதிரியே செப்டம்பர் 1 புது வேலையில் சேர்ந்துவிட்டீர்கள். புதுக் கம்பெனியின் முதல் சம்பளம் எப்போது? செப்டம்பர் 30.

ஜூன் 30-க்கும் செப்டம்பர் 30-க்கும் நடுவில் 92 நாள். வேலை இல்லாமல் இருந்தது 31 நாள்தான். மீதி 61 நாளும் நீங்கள் வேலை பார்த்த நாட்கள்! ஊரே "பையனுக்கு வேலை கிடைச்சிருச்சு" என்று சந்தோஷப்படும் செப்டம்பர் மாதத்தில்தான் கையில் காசு சுத்தமாகக் காலியாகும். புது ஆபீஸுக்குப் போக பெட்ரோல், நாலு நல்ல சட்டை, வேறு ஊர் என்றால் ரூம் அட்வான்ஸ் எல்லாம் அந்த மாதம்தான் வந்து நிற்கும். லோன் ஆப் பக்கம் முதல் தடவையாகக் கை போவதும் அங்கேதான்.

ஜூலை சம்பள விஷயத்தில் சட்டம் இப்போது உங்கள் பக்கம் இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, நீக்கினாலும் சரி, நீங்களே ராஜினாமா செய்தாலும் சரி, சேர வேண்டிய ஊதியத்தை 2 வேலை நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். இதை ஹெச்ஆரிடம் சண்டை போடும் குரலில் கேட்க வேண்டாம். கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பே, "என் நிலுவைச் சம்பளம் எந்தத் தேதியில் வரும்?" என்று ஒரு மெயில் போடுங்க. வாட்ஸ்அப் வேண்டாம், மெயில். பதிலும் எழுத்தில் வரட்டும். ஆனால் உங்கள் கணக்கைப் போடும்போது அந்தப் பணம் தாமதமாகத்தான் வரும் என்று வைத்தே போடுங்க.

எவ்வளவு வேண்டும்?

எமர்ஜென்சி ஃபண்ட் என்றாலே ஆறு மாசச் சம்பளம் என்று ஒரு மந்திரம் ஓதுவாங்க. 24,000 கையில் வாங்கும் ஒருத்தருக்கு அது 1,44,000 ரூபாய். அதைக் கேட்டதுமே "நமக்கெல்லாம் எங்க சார்" என்று வீடியோவை மாற்றிவிடுவீங்க. எனக்கு அந்த மந்திரத்தில் நம்பிக்கை குறைவு. சம்பளத்தை வைத்துக் கணக்குப் போடாதீங்க. நிறுத்த முடியாத செலவை வைத்துப் போடுங்க.

உதாரணத்துக்கு அந்த 24,000-த்தையே எடுப்போம். சிம்மக்கல் பக்கம் ஒரு சந்தில் இன்னொருத்தரோடு சேர்ந்து ரூம், பங்கு வாடகை 4,000. மெஸ் சாப்பாடு 5,500. பைக் ஈஎம்ஐ 3,200. போன் ஈஎம்ஐ 1,800. பெட்ரோல், ரீசார்ஜ் 2,000. ஊருக்கு அனுப்புவது 4,000. மொத்தம் 20,500. மீதி 3,500 எங்கே போகுதுன்னு கேட்டா யாருக்கும் தெரியாது. டீ, ஜிகர்தண்டா, ஞாயிற்றுக்கிழமை கறிதோசை, ஃப்ரெண்ட் கல்யாணத்துக்கு மொய். அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன், அதுவும் இல்லாமல் என்ன வாழ்க்கை?

இப்போது சம்பளம் நின்றுவிட்டது. வாடகையும் சாப்பாடும் நிற்காது. இரண்டு ஈஎம்ஐயும் நிற்காது. பெட்ரோல், ரீசார்ஜ் பாதியாகும், 1,000. ஊருக்கு அனுப்புவதைப் பற்றிப் பின்னால் தனியாகப் பேசுவோம். ஆக 15,500. மூணு மாசத்துக்கு 46,500. லட்சத்து நாற்பத்து நாலாயிரம் எங்கே, இது எங்கே!

இதில் ஈஎம்ஐ செய்யும் வேலையைக் கவனிங்க. போன் ஈஎம்ஐ 1,800 இருப்பதால் உங்கள் இலக்கு மூணு மாசத்துக்கு 5,400 ரூபாய் கூடுகிறது. அதே 1,800 இருப்பதால் நீங்கள் மாதம் சேர்க்கக்கூடிய தொகையும் குறைகிறது. இரண்டு பக்கமும் அடி. அந்த ஈஎம்ஐ முடிந்த மாதம் இலக்கு 46,500-லிருந்து 41,100 ஆக இறங்கும். மாதம் 2,500 சேர்த்தவர் 4,300 சேர்க்கலாம். அதனால் போன் தவணை முடிந்த அன்றைக்கே அடுத்த மாடலைப் பார்க்காமல், அந்த 1,800-ஐ அப்படியே ஆர்டிக்குத் திருப்பிவிடுங்க. பத்து மாசத்துக்குள் வேலை முடிந்துவிடும். தெரிந்தவர்களிடம் சீட்டு கட்டுகிறவர்களும் அந்தத் தவணையை நிறுத்த முடியாத செலவில் சேர்க்கணும். எடுத்த சீட்டு என்றால் அது கடன்தான்.

இந்தப் பணத்தை ஜிபே இணைத்திருக்கும் கணக்கில் வைக்காதீங்க, கரைந்துவிடும். வேறு வங்கியில் ஆர்டி, எஃப்டி எதுவானாலும் சரி. ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரை டெபாசிட் காப்பீடு இருக்கிறது, பயமில்லை. "எஃப்டியில என்ன சார் கிடைக்கும், ஷேர்ல போடலாமே" என்பவர்களுக்கு 2020-ஐ ஞாபகப்படுத்துகிறேன். ஜனவரியில் 12,400-ஐத் தாண்டி நின்ற நிஃப்டி மார்ச் 24 அன்று 7,511 வரை விழுந்தது. மறுநாள் நாடு முழுக்க ஊரடங்கு. சம்பளம் வெட்டப்பட்ட நேரமும் ஷேர் மார்க்கெட் விழுந்த நேரமும் ஒன்றாகவே வந்தன. அவசரப் பணம் உங்கள் வேலையோடு சேர்ந்து விழும் இடத்தில் இருக்கக் கூடாது.

பிஎஃப் பணத்தில் கை வைக்கலாமா?

வேலை போனதும் முதலில் வரும் யோசனை இதுதான். கணக்குப் பார்த்துவிட்டு முடிவு எடுங்க.

அடிப்படைச் சம்பளம் 15,000 என்றால் உங்கள் பங்கு 12 சதவீதம், 1,800. கம்பெனியும் 1,800 போடும். அதில் சுமார் 1,250 பென்ஷன் திட்டத்துக்குப் போய்விடும்; மீதி 550 உங்கள் பிஎஃப் கணக்குக்கு. ஆக மாதம் 2,350. இரண்டு வருஷத்தில் 56,400. வட்டி 8.25 சதவீதம் (2023-24, 2024-25 இரண்டு வருஷமும் இதுதான்). எல்லாம் சேர்த்து சுமார் 61,000 இருக்கும்.

ஐந்து வருஷத் தொடர் சர்வீஸ் முடியாமல் எடுத்தால் அது வரிக்கு உட்பட்டது. 50,000 ரூபாயைத் தொட்டாலே பான் கொடுத்திருந்தாலும் 10 சதவீதம் பிடிப்பார்கள். நம்ம உதாரணத்தில் 6,100 ரூபாய். வரி கட்டும் அளவுக்கு அந்த வருஷ வருமானம் இல்லாதவர்கள் அதற்கான சுய அறிவிப்புப் படிவம் கொடுத்து இந்தப் பிடித்தத்தைத் தவிர்க்கலாம். இல்லையென்றால் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கணும்.

வரியை விடப் பெரிய நட்டம் வேறு. அந்த 61,000-ஐ எடுக்காமல் புதுக் கம்பெனிக் கணக்குக்கு மாற்றிவிட்டு, இதே வட்டி தொடர்கிறது என்று வைத்துக்கொண்டால், 25 வயதுக்காரருக்கு 55 வயதில் அது மட்டுமே ஆறரை லட்சம். இன்னொன்று, பென்ஷனுக்கு மொத்தம் 10 வருஷ சர்வீஸ் வேணும். பென்ஷன் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டால் அந்த இரண்டு வருஷம் கணக்கிலிருந்து அழிந்துபோகும், மறுபடி பூஜ்யத்திலிருந்து.

விதிகளும் மாறுகின்றன. முன்பு வேலை போய் இரண்டு மாதம் ஆனால் முழுப் பணத்தையும் எடுக்கலாம் என்றிருந்தது. 2025 அக்டோபரில் பிஎஃப் மத்திய அறங்காவலர் குழு எடுத்த முடிவின்படி 75 சதவீதத்தை உடனே எடுக்கலாம், மீதி 25 சதவீதத்துக்கு 12 மாதம் காத்திருக்கணும். பென்ஷன் பங்குக்கு 36 மாதம். சிலர் இதைத் திட்டினார்கள். என்னைக் கேட்டால், 25 வயதில் பிஎஃப்பைத் துடைத்து எடுக்கிற பழக்கத்துக்கு ஒரு கடிவாளம் தேவைதான். வேறு வழியே இல்லாதபோது மட்டும் அந்த 75 சதவீதத்தைத் தொடுங்க, அதிலும் தேவையான அளவு மட்டும்.

ஆஸ்பத்திரி

கம்பெனி கொடுத்த குரூப் இன்சூரன்ஸ் பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். அப்பா அம்மாவையும் அதில் சேர்த்திருந்தால் அவர்களுக்கும் அன்றோடு சரி. 92 நாள் கணக்கில் பணம் தாமதமாக வரும், சமாளிக்கலாம். இந்த இடைவெளியில் ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் எந்த 46,500-ம் தாங்காது. பைக் ஓட்டுகிறீர்கள், அதை மறக்காதீங்க.

வேலையில் இருக்கும்போதே சின்னதாக ஒரு சொந்த பாலிசி எடுத்துவிடுங்க. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. முன்பு 18 சதவீதம் இருந்தது. ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கான காத்திருப்புக் காலமும் இப்போது அதிகபட்சம் 3 வருஷம்தான். சீக்கிரம் ஆரம்பித்தால் அதுவும் சீக்கிரம் முடியும். பாலிசி எடுக்காமலே வேலையை விடுகிறவர்கள், குரூப் பாலிசியை அதே இன்சூரன்ஸ் கம்பெனியில் தனி பாலிசியாக மாற்ற முடியுமா என்று கடைசி நாளுக்கு முன்பே கேளுங்க. போன பிறகு கேட்டால் வாசல் சாத்தியிருக்கும்.

21,000-க்குள் சம்பளம் வாங்கி இஎஸ்ஐயில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் ஆறுதல். வேலை போன அன்றே எல்லாம் நின்றுவிடாது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய பங்களிப்புக்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பயன் காலம். அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு அடுத்த ஜூலை முதல் டிசம்பர் வரை. குறைந்தது 78 நாள் பங்களிப்பு இருக்கணும். வேலையிழந்தவர்களுக்குச் சராசரி தினக்கூலியில் பாதியை 90 நாள் வரை தரும் அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்ற திட்டமும் இஎஸ்ஐயில் உண்டு. அவ்வப்போது நீட்டிக்கப்படும் திட்டம் என்பதால், இப்போது நடைமுறையில் இருக்கிறதா, உங்களுக்குப் பொருந்துமா என்று கிளை அலுவலகத்தில் கேட்டுவிடுங்க. வேலை செய்யும்போது மாசா மாசம் பிடிக்கிறார்களே என்று முணுமுணுத்தோமே, அந்தப் பணம் பேசும் நேரம் இது.

பணம் பத்தவில்லை என்றால்

சேமிப்பு 20,000தான் இருக்கிறது, இடைவெளி இப்போதே வந்துவிட்டது என்றால்? முதலில் ஈஎம்ஐ தேதிக்கு முன்பே கடன் கொடுத்த இடத்துக்குப் போன் பண்ணுங்க. தேதியைத் தள்ளவோ தவணையைக் குறைக்கவோ கேளுங்க. ஒத்துக்கொள்வார்கள் என்று உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் பவுன்ஸ் ஆன பிறகு பேசினால் வங்கி ஒரு அபராதம், கடன் கொடுத்தவர் ஒரு அபராதம், சிபிலில் ஒரு கறுப்புப் புள்ளி என்று மூன்றும் சேர்ந்து வரும்.

கிரெடிட் கார்டில் மினிமம் டியூ மட்டும் கட்டி ஓட்டலாம் என்பதுதான் இருப்பதிலேயே மோசமான யோசனை. மாதம் மூன்றரை சதவீதம் என்றால் 50,000-க்கு மூணு மாச வட்டி 5,250. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. மொத்தம் ஆறாயிரத்துக்கு மேல். அதே 50,000-ஐ வங்கியில் நகை வைத்து ஆண்டுக்கு 10 சதவீதத்தில் வாங்கினால் மூணு மாசத்துக்கு 1,250. அம்மாவின் சங்கிலியைக் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் சங்கிலி மூணு மாசத்தில் வீட்டுக்குத் திரும்பும், கார்டு வட்டி திரும்பாது.

இன்னொரு பொறி, கோர்ஸ். வேலை போன விஷயம் இந்த இன்டர்நெட்டுக்கு எப்படித்தான் தெரியுமோ, அன்றே விளம்பரம் வர ஆரம்பிக்கும்: 40,000 ரூபாய் கோர்ஸ், ஈஎம்ஐ வசதி, வேலை உத்தரவாதம். சம்பளம் இல்லாத மாதத்தில் புது ஈஎம்ஐ எடுக்காதீங்க, அவ்வளவுதான் சொல்வேன். சிம்மக்கல்லிலேயே மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் வெள்ளனவே வந்து இடம்பிடிக்கும் இடம். 2023 ஜூலையில் புது நத்தம் சாலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் இருக்கிறது. மின்விசிறி, மேஜை, புத்தகம், அமைதி எல்லாம் இலவசம்.

வீட்டில் சொல்வது

நூலகம் என்றதும் ஒன்று சொல்லணும். வேலை போனதை வீட்டில் சொல்லாமல், தினமும் காலையில் பேக்கை மாட்டிக்கொண்டு கிளம்பி, நூலகத்திலோ திலகர் திடல் பக்கமோ பொழுதைப் போக்கிவிட்டுச் சாயங்காலம் திரும்பும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வெளியூரில் ரூமில் இருப்பவர்களுக்கு இது இன்னும் சுலபம், போனில் "ஆபீஸ்ல இருக்கேம்மா" என்றால் போதும்.

இதற்கு விலை இருக்கிறது. நாம் தனியாக ஒதுக்கி வைத்த அந்த 4,000, ஊருக்கு அனுப்புவது, ஞாபகம் இருக்கா? வீட்டில் சொல்லவில்லை என்றால் அதை நிறுத்த முடியாது. மூணு மாசத்துக்கு 12,000. கையில் இல்லாத 12,000. லோன் ஆப்பில் வாங்கி அப்பாவுக்குச் சம்பளம் மாதிரி அனுப்பும்போது, மாதம் 4,000 இல்லாமல் எப்படியோ சமாளித்திருக்கக்கூடிய ஒரு வீட்டுக்காக நீங்கள் அநியாய வட்டி கட்டுகிறீர்கள். அந்த வீட்டுக்கு அது தெரியவே தெரியாது. பிறகு தெரிய வரும்போது வேலை போனது யாருக்கும் வலிக்காது, கடன்தான் வலிக்கும்.

எப்படிச் சொல்வது என்று கேட்கிறவர்களுக்கு: அழுதுகொண்டு சொல்ல வேண்டாம், கணக்கோடு சொல்லுங்க. "அப்பா, இந்த மாசத்தோட வேலை முடியுது. கையில இவ்வளவு இருக்கு, ரூமுக்கும் சாப்பாட்டுக்கும் மூணு மாசம் வரும். வீட்டுக்கு மட்டும் செப்டம்பர் வரைக்கும் அனுப்ப முடியாது, அக்டோபர்ல இருந்து அனுப்பிடறேன்." தேதி சொல்லுங்க. தேதி சொன்னால் அப்பாக்கள் பாதி நிம்மதி ஆயிடுவாங்க. மீதிப் பாதிக்கு இரண்டு நாள் பேசாமல் இருப்பார், விடுங்க. அம்மா சித்தியிடம் சொல்லிவிடுவார், சித்தி ஊருக்கே சொல்லிவிடுவார். அதுவும் நல்லதுதான், அந்த ஊர் வழியாகத்தான் பல பேருக்கு அடுத்த வேலையே வருகிறது.

புது வேலை கிடைத்து அக்டோபர் வந்ததும் ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கும். பழைய கம்பெனி உங்கள் வெளியேறிய தேதியை பிஎஃப் போர்ட்டலில் பதியாமல் விட்டிருந்தால் கணக்கு மாறாது. கடைசிப் பங்களிப்பு வந்து இரண்டு மாதம் ஆனபிறகு யூஏஎன்னில் நுழைந்து அந்தத் தேதியை நீங்களே பதியலாம். ஆதாரோடு இணைத்த போன் நம்பர் மட்டும் கையில் இருக்கணும். பதிந்துவிட்டுப் பழைய கணக்கைப் புதியதற்கு மாற்ற விண்ணப்பம் கொடுத்துவிடுங்க, பத்து நிமிஷ வேலை.